டேங்கருக்குள் என்ன இருக்கிறது? முதலில் ஓடி வருபவருக்கு யார் சொல்வது?

கேள்வி: வாலாஜாபேட்டை வாசகர், 2025 ஆகஸ்ட் 2

எங்கள் வீடு வாலாஜா சுங்கச்சாவடிக்குக் கூப்பிடு தூரம். இரவு பகல் பாராமல் ஆசிட் டேங்கரும் கேஸ் டேங்கரும் போய்க்கொண்டே இருக்கின்றன. "இப்போது எல்லா டேங்கரிலும் ஜிபிஎஸ், கேமரா, மின்னணுப் பூட்டு வந்துவிட்டது, இனி பயமே இல்லை" என்று என் மைத்துனர் அடித்துச் சொல்கிறார். சிப்காட் பக்கம் வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இது உண்மையா?

ஆகஸ்ட் 2, இரவு 10.40

ராணிப்பேட்டை சிப்காட்டில் ரசாயன டேங்கர்களுக்கு லோடு ஏற்றி அனுப்பும் பிரிவில் வேலை செய்கிறேன். உங்கள் மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை.

கருவிகள் வந்திருப்பது நிஜம். அபாயகரமான பொருள்களை ஏற்றும் நடுத்தர, கனரக வண்டிகள் ஏஐஎஸ் 140 என்ற இந்திய வாகனத் தரத்தில் இருப்பிடம் காட்டும் கருவியோடுதான் வெளிவர வேண்டும் என்ற மத்திய விதி 2022-23-ல் நடைமுறைக்கு வந்தது. அதில், வண்டியின் பேட்டரி அறுந்தாலும் சிறிது நேரம் ஓட உள்ளேயே ஒரு பேட்டரி உண்டு. நல்ல விஷயம்தான்.

ஆனால் அந்தக் கருவி, வண்டி எங்கே நிற்கிறது என்பதை அதன் முதலாளிக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் சொல்கிறது. வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை, கவிழ்ந்த இடத்துக்கு முதலில் ஓடி வருபவருக்கு அது சொல்வதில்லை. முதலில் வருபவர் யார்? டீக்கடைக்காரர். பின்னால் பைக்கில் வந்தவர். சுங்கச்சாவடி ரோந்து வண்டி. தீயணைப்பு வண்டி அதற்கும் பிறகுதான்.

அவர்களுக்காகச் சட்டம் வைத்திருப்பது இன்னும் பெயின்ட்டும் காகிதமும்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 134-வது விதி, வண்டியின் மூன்று இடங்களில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்கிறது. அதில் பொருளின் சரியான பெயர், 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஐ.நா. எண் (ஒவ்வொரு ஆபத்தான பொருளுக்கும் உள்ள நான்கு இலக்க எண்), ஆபத்துக் குறி, அவசரத் தொலைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். 133-வது விதிப்படி டிரெம் கார்டு என்ற அவசரக் குறிப்பு அட்டை டிரைவர் கேபினில் இருக்க வேண்டும். கேபின் நசுங்கினால், எரிந்தால், அட்டையும் அதோடு போயிற்று. யாருக்குத் தேவையோ அவர் கைக்கு எட்டாத இடத்தில் அந்தத் தகவல் இருக்கிறது. என் ஆதங்கம் இதுதான். நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3, காலை

"பலகை இருக்கிறதே, படித்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். படித்தால் என்ன நடக்கும் என்று நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் காவேரிப்பாக்கம் தாண்டி ஓர் ஆசிட் டேங்கர் ஓரங்கட்டி நின்றது. எங்கள் லோடு இல்லை; உதவிக்குக் கூப்பிட்டதால் போனோம். பின்பக்க வால்வுக்கும் குழாய்க்கும் நடுவே கேஸ்கட் கிழிந்து, விரல் கனத்தில் ஆசிட் கொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் வெறுங்கையால் வால்வை இறுக்கப் பார்த்திருக்கிறார். இரண்டு கைகளையும் நீட்டியபடி மண்ணில் உட்கார்ந்திருந்தார். டீக்கடை அக்கா ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் கையில் ஊற்றியது மிகச் சரி. நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். பக்கத்தில் நின்ற இளைஞர் அதே வாளியை வாங்கித் தரையில் தேங்கிய ஆசிட்டில் ஊற்றப் போனார், அது உயிருக்கே வினை. அடர்ந்த கந்தக அமிலத்தில் கொஞ்சம் தண்ணீர் விழுந்தால் சூடேறிக் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஒரே வாளி, இரண்டடி தூரத்தில் ஒன்று மருந்து, இன்னொன்று ஆபத்து. இந்த வேறுபாட்டை அந்த இளைஞருக்கு அந்த நிமிடத்தில் சொல்ல வேண்டியது யார்?

பலகையைத் துடைத்துப் பார்த்தோம். அதில் 1789 என்று இருந்தது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் எண். ஆனால் அந்த அமிலம் சிந்தினால் வெண்புகை கிளம்பி மூக்கைத் துளைக்கும். இங்கே புகை இல்லை. சாலையோரம் காய வைத்திருந்த வைக்கோலில் ஆசிட் பட்ட இடமெல்லாம் கரியாகக் கறுத்திருந்தது. சர்க்கரையையும் வைக்கோலையும் அப்படிக் கரியாக்குவது அடர் கந்தக அமிலம். வேறொரு வண்டியின் பலகையைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அதில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தால், உபயோகத்தில் இல்லை என்று பதிவுக் குரல்.

உலர்ந்த மண்ணால் கரை கட்டி, ஓடை பக்கம் போகாமல் தடுத்தோம். தோலுக்குப் போடும் சுண்ணாம்பு மூட்டைகளைத் தோல் பதனிடும் டேனரி ஒன்றிலிருந்து வரவழைத்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிச் சாந்தப்படுத்தினோம். இந்த மாவட்டத்தில் எந்த ஊரில் கேட்டாலும் சுண்ணாம்பு கிடைக்கும். அது நம் அதிர்ஷ்டம்.

அந்த வண்டியிலும் ஜிபிஎஸ் இருந்தது. அது தன் வேலையைச் சரியாகச் செய்தது.

ஆகஸ்ட் 3, மாலை

எண்களைக் கேட்டிருக்கிறீர்கள். நம் சாலையில் அடிக்கடி கண்ணில் படுபவை: கந்தக அமிலம் 1830, ஹைட்ரோகுளோரிக் 1789, காஸ்டிக் சோடா கரைசல் 1824, பார்மிக் அமிலம் 1779, நீர் கலந்த சோடியம் சல்பைடு 1849, அம்மோனியா 1005, குளோரின் 1017, பெட்ரோல் 1203, சமையல் எரிவாயு 1075. உலகம் முழுவதும் இதே எண்கள்தான். தமிழ் தெரியாத டிரைவரும் ஆங்கிலம் தெரியாத தீயணைப்பு வீரரும் இந்த நான்கு இலக்கத்தில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியும். அதனால்தான் தவறான எண்ணைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு கோபம் வருகிறது.

ஆகஸ்ட் 5

"அப்படியானால் புதிய தொழில்நுட்பமே வேண்டாமா?" என்று ஆற்காட்டு நண்பர் கேட்கிறார். நிச்சயமாக வேண்டும். எது எதற்குப் பயன்படும் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கவிழ்வதைத் தடுப்பது. டேங்கர் விபத்துகளில் மோசமானது இதுதான். நிறைகுடம் தளும்பாது என்பார்கள். பாதி நிறைந்த டேங்கர் வளைவில் தளும்பியே கவிழ்ந்துவிடும். உள்ளே தடுப்புத் தகடுகள் வைப்பது பழைய வழி. ஆனால் அவை முன்னும் பின்னும் அலைவதைத்தான் குறைக்கும், பக்கவாட்டில் அடிப்பதை அவ்வளவாகத் தடுக்காது. மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு என்ற அமைப்பு, வண்டி சாயத் தொடங்கும் கணத்திலேயே குறிப்பிட்ட சக்கரங்களுக்குத் தானாக பிரேக் போட்டு வேகத்தைக் குறைக்கிறது. டிரைவருக்குச் சாய்வது தெரிவதற்கு முன்பே அது வேலையைத் தொடங்கிவிடும். என்னைக் கேட்டால் கேமராவுக்கு முன் இதற்குத்தான் பணம் செலவிட வேண்டும்.

கந்தக அமிலத்தின் எடையையும் நினைவில் வையுங்கள். ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.84 கிலோ. 10,000 லிட்டர் தண்ணீர் 10 டன் என்றால் அதே அளவு அமிலம் 18 டன்னுக்கு மேல். ஆசிட் டேங்கர் பார்க்கச் சிறியதாக இருப்பது அதனால்தான். "சின்னத் தொட்டிதானே" என்று முந்திக் குறுக்கே வெட்டும் கார்க்காரர்களுக்கு, அந்த வண்டி நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பது தெரிவதில்லை.

இரண்டாவது, கவிழ்ந்தாலும் கொட்டாமல் இருப்பது. 2024 டிசம்பர் 20 அன்று ஜெய்ப்பூர் அருகே பாங்ரோட்டாவில் திரும்பிக்கொண்டிருந்த எரிவாயு டேங்கர் மீது லாரி மோதியது. வால்வுக் குழாய்கள் உடைந்து வாயு கொட்டி, சாலையில் நின்ற வண்டிகளெல்லாம் தீப்பிடித்தன. சுமார் 20 பேர் இறந்தார்கள். இரண்டே வாரத்தில், 2025 ஜனவரி 3 அன்று, நம் கோவையில் அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவுடன் டேங்கர் கவிழ்ந்தது. தொட்டி உடையவில்லை. கசிவை அடைத்தார்கள், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள், கிரேன் வைத்துத் தூக்கினார்கள். தீ பிடிக்கவில்லை. வால்வு எங்கே இருக்கிறது, அதைச் சுற்றி இரும்புக் காப்பு எவ்வளவு உறுதி, குழாய் அறுந்தால் தானாக மூடிக்கொள்ளும் அதிக ஓட்ட வால்வு உள்ளே வேலை செய்கிறதா என்பதில் எத்தனையோ உயிர்கள் தொங்குகின்றன.

கோவையில் இன்னொன்றையும் கவனியுங்கள். எரிவாயு என்று எல்லோருக்கும் தெரியும். அது வாசனை சேர்த்து வரும் பொருள், தொட்டியின் வடிவமே காட்டிக்கொடுக்கும். என்ன செய்ய வேண்டும் என்று முதல் நிமிடத்திலேயே முடிவெடுக்க முடிந்தது. சிப்காட்டிலிருந்து போகும் லோடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை.

ஆகஸ்ட் 6

மின்னணுப் பூட்டு பற்றி. எண்ணெய் நிறுவனங்களின் டேங்கர்களில் வந்திருக்கும் இந்தப் பூட்டு, பங்க்கை அடைந்த பிறகு குறியீட்டு எண் வந்தால்தான் திறக்கும். வழியில் பெட்ரோலை உறிஞ்சி விற்கும் திருட்டை இது வெகுவாகத் தடுக்கிறது. திருட்டைத் தடுப்பது பாதுகாப்பும்கூட. இருட்டில் பிளாஸ்டிக் கேனில் பெட்ரோல் பிடிக்கும் இடத்தில் ஒரு பீடி போதும். ஆனால் நெடுஞ்சாலையில் கசியும்போது, லோடை வேறு வண்டிக்கு மாற்ற அந்தப் பூட்டை யார், எப்படித் திறப்பது என்ற நடைமுறை டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிரைவர்களிடம் கேட்டால் பலரும் "ஆபீஸுக்கு போன் செய்வோம்" என்கிறார்கள். சிக்னல் இல்லாவிட்டால்?

ஆகஸ்ட் 9

வாணியம்பாடியிலிருந்து ஒரு தம்பி, "டேங்கரை மட்டுமே பேசுகிறீர்களே, மூட்டையும் கேனும் ஏற்றிப் போகும் சின்ன லாரிகள்?" என்று கேட்டிருக்கிறார். இந்த இழையிலேயே மிக முக்கியமான கேள்வி இது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளுக்கு என்ன போகிறது? முடி நீக்கச் சோடியம் சல்பைடு, மஞ்சளும் செம்மண் நிறமுமாகச் செதில் செதிலாக, மூட்டையில். பிறகு பார்மிக் அமிலம், நீல நிறக் கேன்களில். கந்தக அமிலம், கேனிலோ டேங்கரிலோ. ஒவ்வொன்றும் தனித்தனியே இருந்தால் சமாளிக்கலாம். சல்பைடு மூட்டை மேல் ஆசிட் கேன் உடைந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் என்பார்கள். அந்த நாற்றத்தை நம்பக் கூடாது. காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "போய்விட்டது" என்று நினைத்துக் குனிபவர் அப்படியே சாய்வார். கழிவுத் தொட்டியில் இறங்கியவரைக் காப்பாற்ற இறங்கியவரும் அடுத்தவரும் சேர்ந்து இறந்த செய்திகளை இந்த மாவட்டங்களில் நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

இந்த இரண்டையும் ஒரே லாரியில், ஒரே தார்ப்பாயின் கீழ், வாடகை மிச்சமாகிறது என்று ஏற்றுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதை ஜிபிஎஸ் பார்க்காது. டிரைவரின் கண்ணிமையை எண்ணும் கேமராவும் பார்க்காது.

பார்க்கக்கூடிய ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: சரக்கு அனுப்பும்போது ஜிஎஸ்டிக்காக இணையத்தில் பதியும் இ-வே பில். சரக்கின் வகையைக் காட்டும் எச்எஸ்என் குறியீடு அதில் இருக்கும். கந்தக அமிலம் 2807, சல்பைடுகள் 2830, பார்மிக் அமிலம் வருவது 2915. வண்டி எண்ணும் அதிலேயே இருக்கிறது. வண்டி எந்தச் சுங்கச்சாவடியை எப்போது கடந்தது என்று பாஸ்டேக் சொல்கிறது. 2021 முதல் இரண்டும் இணைக்கப்பட்டிருக்கின்றன, வரி ஏய்ப்பைப் பிடிக்க. ஒரே வண்டி எண்ணில் 2830-ம் 2807-ம் சேர்ந்து பதிவாகும்போது கணினி மறுத்துவிட வேண்டும், அல்லது குறைந்தபட்சம் எச்சரிக்க வேண்டும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு அருகே வண்டி கவிழ்ந்தால், வண்டி எண்ணைச் சொன்னவுடன் தீயணைப்பு நிலையத்துக்கு "1830, இத்தனை டன்" என்று பதில் வர வேண்டும். புதிதாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. வரிக்காகச் சேர்த்த தகவலை உயிருக்காகவும் பயன்படுத்த ஓர் உத்தரவு வேண்டும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10

நேற்று எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்குக் குறைவான சரக்குக்கு இ-வே பில் தேவையில்லை. ராணிப்பேட்டையிலிருந்து ஆம்பூருக்குப் போகும் பத்து மூட்டை சல்பைடும் பதினைந்து கேன் ஆசிட்டும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஆபத்து அதிகமுள்ள சில்லறை லோடுகள்தான் பதிவேட்டில் ஏறாமல் நழுவுகின்றன. எனவே ஆபத்தான பொருள்களுக்கு மட்டும் விலை வரம்பே இல்லாமல் பதிவு கட்டாயமாக வேண்டும். வியாபாரிகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

ஆகஸ்ட் 10, இரவு

"எந்த வண்டியில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்தால் நாசவேலைக்காரனுக்கும் தெரியுமே?" இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நிறைய யோசித்தேன்.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு இதே விவாதம் நடந்தது. ரயில் டேங்கர்களில் உள்ள ஆபத்துக் குறி அட்டைகளை எடுத்துவிடலாமா என்று பேசினார்கள். தீயணைப்பு வீரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அட்டைகள் அப்படியே இருக்கின்றன. அதோடு 2014-ல் ஆஸ்க்ரெயில் என்ற செயலி வந்தது. பயிற்சி பெற்ற அவசரப் பணியாளர் மட்டும் அதில் நுழையலாம். ரயில் பெட்டி எண்ணை அடித்தால் உள்ளே இருக்கும் பொருளின் விவரம் வரும். குறி அட்டை எல்லோருக்கும், முழு விவரம் உரியவருக்கு மட்டும். நமக்கும் இதே ஏற்பாடு போதும். 112 கட்டுப்பாட்டு அறைக்கும் தீயணைப்பு நிலைய அலுவலருக்கும் திறவுகோல் கொடுத்தால் போதும்.

டேங்கரில் கியூஆர் குறியீடு ஒட்டலாம் என்று ஒருவர் சொல்கிறார். ஒட்டலாம். ஆனால் பொருளின் பெயரும் எண்ணும் செய்ய வேண்டியதும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுத்தாகப் பதிந்திருக்க வேண்டும். ஏதோ ஓர் இணையப் பக்கத்துக்குக் கூட்டிப்போகும் குறியீடு, இணையம் இல்லாத இடத்தில் வெறும் கறுப்பு வெள்ளைக் கட்டம். அதுவும் ஆசிட் கொட்டும் வண்டிக்கு அருகே போய்த்தான் படிக்க வேண்டும் என்றால், முப்பது மீட்டர் தள்ளி நின்று படிக்கக்கூடிய 10 சென்டிமீட்டர் எண்தான் இன்றும் மேல்.

ஆகஸ்ட் 13

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காட்பாடி நண்பர் வெடிமருந்து லாரிகளைப் பற்றிக் கேட்டதால் வந்த யோசனை.

காட்பாடி அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையைப் பற்றி நமக்கெல்லாம் தெரியும். குவாரிகளுக்குப் போகும் வெடிமருந்தில் கடந்த சில பத்தாண்டுகளில் வந்த பெரிய மாற்றம், சாலையில் வெடிமருந்தையே கொண்டுபோகாமல் இருப்பது. அம்மோனியம் நைட்ரேட் கரைசலையும் எண்ணெயையும் சேர்த்த எமல்ஷனாக டேங்கரில் போகும். அந்த நிலையில் அது வெடிமருந்து வகையில் சேராது. ஆக்சிஜனேற்றி வகை, ஐ.நா. எண் 3375. குவாரிக் குழிக்குள் இறக்கும்போதுதான் நுண்குமிழ்களை உண்டாக்கும் ரசாயனத்தைச் சேர்த்து வெடிக்கும் தன்மையைக் கொண்டுவருகிறார்கள். வழியில் விபத்து நடந்தால், தயாரான வெடிமருந்தைவிட ஆபத்து மிகக் குறைவு.

நம் தோல் தொழிலிலும் இது நடந்தது. முன்பு டேனரிகள் சோடியம் டைகுரோமேட்டை வாங்கி, வெல்லப்பாகும் ஆசிட்டும் சேர்த்துத் தாங்களே குரோம் கரைசல் தயாரித்தன. டைகுரோமேட் என்பது புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம். இப்போது பேசிக் குரோமியம் சல்பேட் என்ற பொடியாகவே வருகிறது, மூன்று இணைதிறன். நச்சுத்தன்மை பல மடங்கு குறைவு. சாலையில் மூட்டை கிழிந்தாலும் பயம் குறைவு. அந்தப் பழைய குரோமியம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மலையே சாட்சி. அந்த மஞ்சள் நீரைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பாதுகாப்பான வண்டியைத் தேடுவதற்கு முன், ஏற்றும் பொருளையே மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். சல்பைடு இல்லாமல் என்சைம் கொண்டு முடி நீக்கும் முறைகளைச் சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பல காலமாக உருவாக்கி வருகிறது. அது முழுதாகப் பரவினால் ஆகஸ்ட் 9 அன்று நான் எழுதியதில் பாதி தேவையில்லாமல் போகும். அன்று மகிழ்ச்சியோடு இந்தக் குறிப்புகளை ஓரங்கட்டுவேன்.

ஆகஸ்ட் 17

கழிவு ஏற்றும் லாரிகளை விட்டுவிட்டோம் என்று மேல்விஷாரத்திலிருந்து நினைவூட்டியிருக்கிறார்கள். சரியே.

அபாயகரக் கழிவு விதிகள் 2016-ன்படி ஒவ்வொரு லோடுக்கும் படிவம் 10, ஏழு நகல், ஏழு நிறம். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, நீலம், சாம்பல். அனுப்புபவர், ஏற்றிச் செல்பவர், பெறுபவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று பிரிந்து போகும். காகிதத்தில் மிக அழகான ஏற்பாடு. கழிவு உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க ஏழு நிறமும் மறுபடி ஒன்றுசேர வேண்டும்.

இங்கேதான் ஜிபிஎஸ்ஸுக்கு முழு மரியாதை கொடுப்பேன். எல்லை வேலி என்ற வசதியில், குறிப்பிட்ட பாதையை விட்டு வண்டி விலகினாலோ, நிற்கக் கூடாத இடத்தில் நின்று வால்வு திறந்தாலோ உடனே எச்சரிக்கை போகும். கும்மிடிப்பூண்டிக்குப் போக வேண்டிய கழிவு லாரி நள்ளிரவில் பாலாற்றங்கரையில் கால் மணி நேரம் நின்றால் அது டீ குடிக்க நின்றதில்லை. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, நம் பாலாற்றை வைத்துத்தான். யார் மாசுபடுத்தினார் என்று நிரூபிக்க அன்று இந்தக் கருவி இல்லை. இன்று இருக்கிறது. அந்தப் பதிவுகளை யார் திறந்து பார்க்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஆகஸ்ட் 21

"எல்லாவற்றையும் ரயிலில் அனுப்பிவிட்டால்?" சாலையைவிட ரயில் பாதுகாப்பு என்பதை ஏற்கிறேன். ஆனால் ரயில் தவறினால் மொத்தமாகத் தவறும். 2025 ஜூலை 13 அன்று திருவள்ளூர் அருகே டீசல் சரக்கு ரயில் தடம் புரண்டு எரிந்ததில் அன்று காட்பாடி வழியாகப் போக வேண்டிய எத்தனை ரயில்கள் நின்றன என்று பயணம் செய்தவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற ஊரில் 2023 பிப்ரவரி 3 அன்று நடந்த ரயில் விபத்தை இதற்காகவே படித்தேன். சக்கர பேரிங் சூடானதால் அச்சு முறிந்து, வினைல் குளோரைடு டேங்கர்கள் தடம் புரண்டன. சூட்டை உணரும் கருவிகள் தண்டவாளத்தில் இருந்தன. ஒரு கருவிக்கும் அடுத்ததற்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல். முந்தைய கருவியில் சாதாரண அளவுக்குக் கொஞ்சம் மேல் காட்டிய சூடு, அடுத்ததை அடைவதற்குள் எல்லை மீறிவிட்டது. விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது: ரயிலில் எந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்ற பட்டியல் தீயணைப்பு வீரர்களுக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது. அதன் பிறகே, 2024-ல், அந்தப் பட்டியலை மின்னணு வடிவில் அவசரப் பணியாளர்களுக்கு உடனே கொடுக்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது.

செயலி இருந்த நாட்டிலேயே இப்படி. நான் முதல் நாளிலிருந்து சொல்லும் அதே ஓட்டை.

ஆகஸ்ட் 24

டிரைவர்களைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

அபாயகரப் பொருள் ஓட்ட உரிமத்தில் தனிக் குறிப்பு வேண்டும், அதற்கு மூன்று நாள் பயிற்சி. மூன்று நாளில் கற்றதை வைத்து ஒரு மனிதர் வருடக்கணக்கில் 18 டன் ஆசிட்டுடன் ஓடுகிறார். சித்திரை வெயிலில் வேலூர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த வெயிலில் என்ஜின் சூடும் சேர்ந்த கேபினில் பகல் முழுக்க இருந்துவிட்டு இரவும் ஓட்டுபவர் கண் அசந்தால், தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் கேமரா அலறும், அவர் விழிப்பார், பத்து நிமிடத்தில் மறுபடி அசருவார். கேமரா அவருக்குத் தூக்கம் தராது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்ற அரசு உத்தரவை மனதார வரவேற்கிறேன். இங்கே பேசிய எல்லாக் கருவிகளையும்விட அது அதிக உயிரைக் காக்கலாம். ஜன்னல் மூடியிருப்பதால் கசிந்த ஆவி முகத்தில் அடிக்காது என்பது கூடுதல் நன்மை. அடுத்து வேண்டியது, ஆசிட் வண்டியை நிறுத்திப் படுக்கச் சென்னைக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே காவல் உள்ள இடங்கள். இப்போது அவர்கள் தாபா வாசலில், பஸ்ஸுக்கும் பால் வண்டிக்கும் நடுவே நிறுத்துகிறார்கள்.

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பலகையில் உள்ள அவசர எண்ணை எடைமேடையில் நிற்கும்போதே டிரைவரே அழைக்க வேண்டும். மறுமுனையில் ஆள் பேசினால்தான் கேட் பாஸ். ஒரு நிமிட வேலை. கிண்டல் செய்தவர்கள் இப்போது செய்வதில்லை.

ஆகஸ்ட் 30

வாலாஜா ஐயா மறுபடி வந்து, "நாங்கள் என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

டேங்கர் கவிழ்ந்தால் காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். நல்ல தூரம் தள்ளி. அங்கிருந்தே போன் கேமராவைப் பெரிதாக்கி நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். எண் தெரியாவிட்டால் வண்டி எண். 112-ஐ அழைத்து இடத்தையும் அந்த எண்ணையும் சொல்லுங்கள். எரிவாயு வாசனை அடித்தால் அந்த இடத்தில் நின்று போனைத் தொடாதீர்கள், வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், நடந்தே விலகுங்கள். 2012 ஆகஸ்ட் 27 இரவு கண்ணூர் சாலாவில் டேங்கர் கவிழ்ந்து வாயு பரவித் தீப்பிடித்ததில் 20 பேர் இறந்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதில் அடக்கம். வாசனை வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியேறுங்கள், சுவிட்சைத் தொட வேண்டாம்.

யார் மேலாவது ஆசிட் பட்டிருந்தால், சட்டையைக் கழற்றித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை. தரையில் கிடக்கும் ஆசிட்டைத் தொட வேண்டாம்.

சிந்தும் பெட்ரோலைப் பிடிக்க யாரையும் விடாதீர்கள். 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானில் அகமதுபூர் அருகே கவிழ்ந்த டேங்கரைச் சுற்றிக் குடமும் பாத்திரமுமாகக் கூடியவர்களில் 200 பேருக்கு மேல் கருகினார்கள். பிள்ளைகளும் இருந்தார்கள்.

உங்கள் தெருச் சங்கத்தின் சார்பில் தீயணைப்பு நிலையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு எழுதுங்கள். ஒரே கேள்வி போதும்: வண்டி எண்ணைச் சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களால் எத்தனை நிமிடத்தில் சொல்ல முடியும்? அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கு ரசாயன விபத்துகளைக் கையாளும் பயிற்சியும் கருவியும் உண்டு. அவர்களோடு சேர்ந்து சுங்கச்சாவடியில் ஒரு ஒத்திகை நடத்தும்படியும் கேளுங்கள். பதில் வந்தால் இங்கே போடுங்கள். ஆற்காடு, ஆம்பூர் நண்பர்களும் அதே மனுவை அனுப்பலாம். எழுதிக்கொடுக்க நான் தயார்.